நரம்பில் வைத்த மின்வாய் நிலைக்குமா?

வேலியில் நிற்கும் பூவரச மரத்தில் அறைந்த ஆணியைப் பல்லாண்டு கழித்துத் தேடிப் பாருங்கள். மரம் அதனைத் தன் பட்டைக்குள் விழுங்கியிருக்கும். நமது உடம்பும் தன்னுட் புகுந்த அந்நியப் பொருளை ஏறக்குறைய இவ்வாறே நடத்துகின்றது. கையிழந்தோருக்குத் தொடுகையுணர்வை மீட்டளிக்க முயலும் அறிஞர்களை மலைக்க வைப்பது இவ்வியல்பேயாம்.

முண்ணாணிலிருந்து கைக்குச் செல்லும் நரம்புகள், கை போனபின்னரும் எஞ்சிய புயத்தில் உயிரோடிருக்கின்றன. அவற்றில் மின்வாய்களைப் பொருத்திச் செயற்கை விரல்களிலுள்ள உணர்கருவிகளோடு இணைத்தால், இழந்த விரலே தொடுவதாக மூளை உணர்கின்றது. 2013ஆம் ஆண்டு உரோமாபுரியில் ஒருவர், கண்கள் கட்டப்பட்ட நிலையிலும், தாம் பற்றிய பொருள் வன்மையானதா மென்மையானதா என்று இம்முறையால் அறிந்து கூறினார். ஆயினும், பரிசோதனை விதிகளின்படி அம்மின்வாய்கள் ஒரு மாதத்தில் அகற்றப்பட்டன. அவை ஆண்டுக்கணக்கில் நிலைக்குமா என்பதே வினா.

மின்வாய் உட்புகுந்ததும் வெண்குருதிக் கலங்கள் அதனைச் சூழ்ந்து விழுங்க முனைகின்றன. உலோகத்தைச் செரிக்க அவற்றால் இயலாது. ஆகவே, உடல் நாரிழையத்தால் ஓர் உறை அமைத்து அதனை ஒதுக்கிவைக்கின்றது. உறை தடிக்கத் தடிக்க, முன்னர்ப் போதியதாயிருந்த மின்னோட்டம் போதாமற் போகின்றது. மின்னோட்டத்தை மிகக் கூட்டினாலோ இழையம் புண்படும். அன்றியும், நரம்பு மென்மையானது, மின்வாய் விறைப்பானது. கை அசையுந்தோறும் இரண்டும் உராய்கின்றன.

இதற்குப் பரிகாரங்கள் உண்டு. எளிதில் அரிக்கப்படாத பிளாற்றினத்தைக் கையாளுகின்றனர். மின்னேற்றம் ஓரிடத்தில் தேங்காவண்ணம் மின்துடிப்பைத் திசைமாற்றி மாற்றிச் செலுத்துகின்றனர். நரம்பைத் துளைத்துச் செல்லும் மின்வாய் நுட்பமாய்ப் பேசும். ஆனால் காயம் மிகுதி. நரம்பைச் சுற்றி அணியும் மின்வாயில் நுட்பம் குறைவு, காயமுங் குறைவு. சுவீடனில் சுற்றியணியும் வகையைப் பெற்ற நால்வர், மூன்று முதல் ஏழாண்டுகள் வரை தம் செயற்கைக் கைகளை அன்றாடம் பயன்படுத்தியதாக 2020இல் அறிவிக்கப்பட்டது.

செயற்கைக் கையால் தன் குழந்தையின் விரலைப் பற்றி உணரும் தந்தைக்கு, அவ்வுணர்வு சில மாதங்களில் மங்குமாயின், அவர் கையை இரண்டாம் முறையும் இழந்தவராவார். கருவி முதல்நாள் இயங்குவது வெற்றியன்று. உடல் அதனைப் பல்லாண்டு பொறுத்திருப்பதே வெற்றி. பொறியியல் கற்கப் புகும் மாணவர் உயிரியலையும் கருத்தூன்றிக் கற்கவேண்டுவது இதன்பொருட்டேயாம்.