கொடைக்கானல் பனியில் கார் துரு: இன்னைக்கு உப்புத்தாள், விட்டா வெல்டிங்

இஎம்ஐ கட்டி வாங்கின காரோட பானெட்ல மிளகு சைஸ்ல ஒரு பழுப்புப் புள்ளி. "அப்புறம் பாத்துக்கலாம்"னு விடுறீங்களா? அந்த "அப்புறம்"தான் செலவு.

மலையில ஏன் கவனம்?
கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். வத்தலக்குண்டுல இருந்து ஏறும்போது, முன்னால போற வண்டி தெறிக்கிற சின்னக் கல் பெயின்ட்டைக் கொத்திடும். மேல போனா, மூடுபனி அந்த இடத்தை ஈரமாவே வச்சிருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை வேற. இரும்பு துருவானா பருமன் கூடும். அதனாலதான் பெயின்ட் கொப்புளமா தூக்குது. வட்டிக்கு வட்டி மாதிரி பக்கத்துக்கும் பரவும்.

இன்சூரன்ஸ் தருமா?
வழக்கமான மோட்டார் பாலிசியில தேய்மானத்துக்குப் பணம் கிடையாது. துருவும் அந்தக் கணக்குலதான் வரும். கல் பட்ட கீறலுக்கு கிளெய்ம் போட்டாலும் நோ கிளெய்ம் போனஸ் போயிடும். 5 வருஷம் கிளெய்ம் இல்லாதவங்களுக்கு அது 50%. ஓன் டேமேஜ் பிரீமியம் 8,000 ரூபாய்னு வச்சுக்கோங்க. ரினியூவல்ல 4,000 ரூபாய் தள்ளுபடி காலி!

நீங்களே செய்யலாம்
1. கழுவி, நல்லாத் துடைச்சுக் காய விடுங்க. புள்ளி பெயின்ட் மேல ஒட்டின இரும்புத் தூள் மட்டும்தான்னா, கிளே பார் போதும். தேய்க்காதீங்க.
2. பெயின்ட் உடைஞ்சிருந்தா, புள்ளியைச் சுத்தி மாஸ்கிங் டேப் ஒட்டுங்க. நல்ல பெயின்ட்டைக் காப்பாத்துறது இதுதான்.
3. 400 நம்பர் உப்புத்தாளைச் சின்னதா மடிச்சு, துருவை மட்டும் பளபள இரும்பு தெரியுற வரை தேய்ங்க. குழியில மிச்சம் இருந்தா, ரஸ்ட் கன்வெர்ட்டரைக் காது குடையுற பஞ்சுக் குச்சியால தொட்டு வைங்க. பெயின்ட்ல பட்டா உடனே துடைங்க.
4. அன்னைக்கே பிரைமர். வெறும் இரும்பை ஒரு ராத்திரி பனியில விட்டாலே மறுபடி துரு பிடிக்கும். காஞ்சதும் டச்-அப் பெயின்ட், அப்புறம் கிளியர் கோட். எல்லாமே மெல்லிசா.

மலையில ஈரக்காத்து அடிச்சா பெயின்ட் சரியா காயாது. வெயில் இருக்கிற நாளா பாத்து, நிழல்ல வச்சு செய்ங்க. இல்லேன்னா கீழ இறங்கினப்புறம் செய்ங்க.

இதெல்லாம் வேண்டாம்
எலுமிச்சை, உப்பு வைத்தியம் வேண்டாம். மிச்சமாகுற உப்பே துருவைக் கூட்டும். பாத்திரம் தேய்க்கிற இரும்பு நாரும் வேண்டாம். பெயின்ட்டைக் கீறும், அதோட துகள் ஒட்டித் தானும் துருப்பிடிக்கும். ஈரமான கார்மேல கவர் போடாதீங்க.

கொப்புளத்தை விரலால அழுத்தினா உள்ள போகுதா? அது டிங்கரிங் கடை வேலை. வெட்டி வெல்டிங் பண்ணி, முழு பேனலுக்கும் பெயின்ட் அடிக்கணும். சின்னப் புள்ளிக்கான சாமான் மொத்தமும் ஒரு ஃபுல் டேங்க் பெட்ரோல் காசுகூட ஆகாது.

அடுத்த தடவை மலையிறங்கினதும் காரைக் கழுவி, பானெட் விளிம்பு, வீல் ஆர்ச், கதவோட அடிப்பக்கம் மூணையும் ஒரு ரவுண்டு பாத்துடுங்க. பத்து நிமிஷம்தான்!