சைப்ரஸ்: காரில் சுற்றலாம், கோட்டைத் தாண்டும் முன் யோசிங்க

நானும் என் மனைவியும் நாலு நாள் சைப்ரஸ் போனப்போ லார்னாகாவில் கார் எடுத்தோம். 1960 வரை பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த தீவு. அதனால நம்மூர் மாதிரியே இடது பக்கம்தான் ஓட்டணும். காலையில் கடற்கரை, மதியம் ட்ரூடோஸ் மலை, ஒரே நாளில் ரெண்டும் பார்த்துடலாம்.

சிக்கல் எங்கன்னா, 1974லிருந்து தீவைப் பிரிக்கிற பச்சைக் கோடு. தெற்கில் எடுத்த காரோட இன்சூரன்ஸ் வடக்கில் செல்லாது. கார் கடக்கும் சாவடியில் தனியா வாங்கலாம். ஆனா அது எதிராளிக்கு ஆகும் சேதத்துக்கு மட்டும்தான். உங்க கார் நசுங்கினா செலவு உங்க தலையில.

அவளுக்கோ வடக்கே இருக்கிற கைரீனியா கோட்டையைப் பார்த்தே ஆகணும். அதனால நிகோசியாவில் காரை நிறுத்திட்டு, பாஸ்போர்ட்டைக் காட்டி லெட்ரா தெரு வழியா நடந்தே கடந்தோம். அங்கிருந்து ஷேர் வேன். நீங்களும் அப்படியே பண்ணுங்க.