காவலர் தேர்வும் கல்லூரி மைதானமும்

(மூன்றாம் ஆண்டு விலங்கியல் மாணவர்)

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பர் நம் முன்னோர். காவல்துறைப் பணிக்கு விண்ணப்பிக்கும் நம் நண்பர்களுக்கு இது வெறும் பழமொழி அன்று. தேர்வு விதியே ஆகும். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றும், மைதானத்தில் சில விநாடிகளால் வாய்ப்பிழந்து திரும்பிய சிலரை நான் அறிவேன். வீட்டின் முதல் பட்டதாரிகள் அவர்கள். ஆகவே, விலங்கியல் பயில்பவன் என்ற முறையிலும், நாள்தோறும் ஓடுபவன் என்ற முறையிலும் இத்தேர்வைப் பற்றிச் சில சொல்ல விழைகிறேன்.

1991-இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் இரண்டாம் நிலைக் காவலர்களைத் தேர்ந்தெடுக்கிறது. அதன் அண்மைக்கால அறிவிக்கைகளின்படி, ஆண்களுக்கு உயரம் 170 செ.மீ.; பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் 167 செ.மீ. மார்பளவு 81 செ.மீ.; மூச்சை இழுத்தால் 5 செ.மீ. விரிய வேண்டும். பெண்களுக்கு உயரம் 159 செ.மீ.; மேற்சொன்ன பிரிவினருக்கு 157 செ.மீ. உயரம் நம் கையில் இல்லை. ஆனால் அடுத்து வருவதெல்லாம் நம் கையில்தான் இருக்கிறது.

ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்திலும், பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடியிலும் ஓடி முடிக்க வேண்டும். இதில் தேறியோருக்கே அடுத்த கட்டம். அங்கே ஆண்களுக்குக் கயிறு ஏறுதல், நீளம் அல்லது உயரம் தாண்டுதல், 100 அல்லது 400 மீட்டர் ஓட்டம் ஆகியவை உண்டு. பெண்களுக்கு நீளம் தாண்டுதல், குண்டு அல்லது கிரிக்கெட் பந்து எறிதல், 100 அல்லது 200 மீட்டர் ஓட்டம் உண்டு.

இங்கே ஒரு சிறு கணக்கு. 7 நிமிடம் என்பது 420 விநாடி. 400 மீட்டர் ஓடுபாதையில் 1500 மீட்டர் என்பது மூன்றே முக்கால் சுற்று. எனவே ஒரு சுற்றுக்கு 112 விநாடி. நூறு மீட்டருக்கு 28 விநாடி. இது பறக்கும் வேகம் அன்று; சீரான வேகம். பின் ஏன் பலர் தோற்கின்றனர்? முதல் சுற்றிலேயே முழு வேகத்தையும் செலவிட்டு விடுவதால்தான். தசையில் ஆயத்தமாக உள்ள ஆற்றல் சுமார் 10 விநாடி முழுவேக ஓட்டத்திற்கே போதும். அதன்பின்னும் அதே வேகத்தில் ஓடினால் தசைக்கு வேண்டிய அளவு ஆக்சிஜன் வந்து சேர்வதில்லை. மூச்சு இரைக்கும், கால் கனக்கும். நெடுந்தொலைவு ஓட்டத்தைத் தாங்குபவை இதயமும் நுரையீரலும் ஆகும். அவை ஒரு வாரத்தில் பழகுவன அல்ல. அவற்றிற்கு மாதங்கள் வேண்டும்.

எனவே முதல் மாதம், பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான வேகத்தில் அரைமணி நேரம் ஓடுங்கள். அடுத்த மாதம், வாரம் இருமுறை, 400 மீட்டரை 105 விநாடியில் ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, மீண்டும் ஓடுங்கள். இப்படி நான்கு முறை. வாரம் ஒரு நாள் கட்டாய ஓய்வு. கயிற்றில் நாம் தூக்குவது நம் உடல் எடையையே. ஆகவே கம்பியில் தொங்கி உடலை மேலே இழுக்கும் பயிற்சி விரல், முன்கை, முதுகு மூன்றையும் வலுவாக்கும். நெஞ்சு வலியோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் மருத்துவரைக் கண்ட பிறகே தொடங்க வேண்டும்.

சகோதரிகளுக்கு ஒரு சொல். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. ஆக்சிஜனைச் சுமப்பது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின். அது குறைந்திருந்தால் எவ்வளவு பயின்றும் மூச்சு இரைக்கும். அரசு மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கீரை, முட்டை, வேர்க்கடலை, கேழ்வரகுக் கூழ் ஆகியவை நம் வீட்டுக்கு எட்டாத உணவுகள் அல்லவே!

இவ்வளவும் வேலைக்காக மட்டுமா? தேர்த்திருவிழாக் கூட்டத்தில் நாள் முழுதும் நிற்பவரும் வெள்ளத்தில் முதியவரைத் தூக்கிச் செல்பவரும் காவலரே. களைத்துப்போனவருக்குப் பொறுமை விரைவில் போய்விடும். கை லத்தியைத் தேடும். உடலில் தெம்புள்ளவர்க்கோ நிதானமாகப் பேச முடியும். மக்களுக்கு வேண்டியவர் அத்தகைய காவலரே.

நண்பர்களே, எழுத்துத் தேர்வு முடிவு வந்தபின் ஓடத் தொடங்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். விண்ணப்பம் எழுதும் நாளே ஓட்டத்தையும் தொடங்குங்கள்.