நூடுல்ஸை விட மனமில்லாதவர்களுக்கு

நீரிழிவு புதிதாகக் கண்டறியப்பட்டவரிடம் சோற்றையும் இனிப்பையும் பற்றிப் பேசி முடித்ததும், உடன் வந்த மகனோ மகளோ சற்றுத் தயங்கி ஒரு கேள்வி கேட்பதுண்டு: "வாரம் ஒரு நாள் அப்பா கடை நூடுல்ஸ் சாப்பிடுவார், அதையும் நிறுத்திவிட வேண்டுமா?" நிறுத்தச் சொல்வது எளிது. ஆனால் முற்றாகத் தடுக்கப்பட்ட உணவைப் பலர் வீட்டாருக்குத் தெரியாமல் சாப்பிடத் தொடங்கிவிடுகிறார்கள். எனவே அதே சுவையை மாவுச்சத்துக் குறைவாக வீட்டில் சமைக்கும் முறையையும், அதை உண்ணத் தொடங்கும் முன் மருந்துகள் குறித்து அறிந்திருக்க வேண்டியவற்றையும் இங்கே விளக்குகிறேன். இரண்டாவது பகுதியே இன்றியமையாதது; சமையல் முறையை மட்டும் படித்துவிட்டு மூடிவிட வேண்டாம்.

கடைகளில் கிடைக்கும் நூடுல்ஸ் பெரும்பாலும் மைதாவால் ஆனது. வேகவைத்த நூடுல்ஸ் 100 கிராமில் ஏறத்தாழ 25 கிராம் மாவுச்சத்து இருக்கும். ஒரு தட்டில் 300 கிராம் நூடுல்ஸ் வைத்தால் 75 கிராம் ஆகிறது. தக்காளி சாஸில் சேர்க்கப்படும் சர்க்கரையும், குழம்பு கெட்டியாவதற்குக் கரைத்து ஊற்றும் சோளமாவும் இதற்கு மேல். மைதாவில் நார்ச்சத்து மிகக் குறைவு. தட்டில் காய்கறியும் பெயருக்குத்தான் கிடக்கிறது. ஆகையால் இந்த மாவுச்சத்து விரைவில் குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் சேருகிறது.

கேழ்வரகு, தினை, சாமை என்று உறையில் அச்சிட்ட நூடுல்ஸை வாங்கிவந்து மனநிறைவு கொள்வோர் பலர். உறையின் பின்புறம் சேர்மானங்களின் பட்டியலைப் படியுங்கள். எடையில் அதிகமான பொருளே முதலில் அச்சிடப்படும். முதல் சொல் கோதுமை மாவு அல்லது மைதா என்றிருந்தால், முகப்பில் உள்ள சிறுதானியத்தின் படத்துக்குப் பெரிய பொருளில்லை. முழுவதும் சிறுதானியத்தால் ஆனதாகவே இருந்தாலும், சிறுதானிய மாவிலும் 100 கிராமுக்கு ஏறத்தாழ 60 முதல் 70 கிராம் வரை மாவுச்சத்து உண்டு. நார்ச்சத்து சற்றுக் கூடுதல் என்பது நன்மையே. ஆனால் அளவில்லாமல் உண்ண அது உரிமம் ஆகாது.

நூடுல்ஸில் நாம் விரும்புவது மாவின் சுவையை அன்று. பூண்டும் சோயா சாஸும் சூடான இரும்புச் சட்டியில் பட்டு எழும் மணம், வினிகரின் புளிப்பு, மிளகின் காரம், நீளமாக வாயில் அகப்படும் இழை ஆகியவைதாம் அந்த உணவு. இவற்றில் இழையை மட்டும் மாற்றினால் போதும். அதற்கு முட்டைக்கோஸும் முட்டையுமே நம் ஊர்ச் சந்தைக்குப் பொருந்தியவை.

ஒருவருக்கு 250 கிராம் முட்டைக்கோஸ் வேண்டும். நடுத்தண்டை நீக்கி, பொரியலுக்கு நறுக்குவதுபோல் பொடியாக்காமல், இலையின் நீளவாக்கில் நூடுல்ஸ் அகலத்துக்கு அரிந்துகொள்ளுங்கள். கழுவிய ஈரம் போக ஒரு துணியில் பரப்பி உலர்த்துங்கள். இரண்டு முட்டைகளை மிளகுத்தூளுடன் அடித்து, தோசைக்கல்லில் மெல்லிய ஆம்லெட்டாக ஊற்றி எடுங்கள். ஆறியபின் பாய்போல் சுருட்டிக் குறுக்கே மெல்லியதாக வெட்டினால் நீண்ட நாடாக்கள் கிடைக்கும். கடிபடும் தன்மையைத் தருவது இந்த முட்டை நாடாதான். வெறும் கோஸை மட்டும் வதக்கினால் அது பொரியலாகவே இருக்கும், வீட்டில் எவரும் ஏமாற மாட்டார்கள்.

அகன்ற இரும்புச் சட்டியை நன்றாகக் காயவைத்து, இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் நறுக்கிய பூண்டு, இஞ்சி, சிறிது வெங்காயம், அரை கைப்பிடி அளவு கேரட், பீன்ஸ், குடைமிளகாய் ஆகியவற்றை வதக்கி, பிறகு கோஸைப் போடுங்கள். தீ முழு வேகத்தில் இருக்கவேண்டும். உப்பை இப்போது போடக்கூடாது. உப்பு கோஸின் நீரை வெளியே இழுத்துவிடும், இழைகள் துவண்டு குழைந்துபோகும். இருவருக்குச் சமைப்பதானால் இரண்டு முறையாக வதக்குங்கள். சட்டி நிரம்பினால் கோஸ் வதங்காது, ஆவியில் வேகும். மூன்று நான்கு நிமிடங்களில் முட்டை நாடா, ஒரு தேக்கரண்டி சோயா சாஸ், அரைத் தேக்கரண்டி வினிகர், மிளகுத்தூள், வெங்காயத்தாள் சேர்த்துப் புரட்டி உடனே இறக்குங்கள். வேகவைத்த கோழித்துண்டு சேர்க்கலாம். முட்டை உண்ணாதவர்கள் பனீரை நீளமாக வெட்டிச் சேர்க்கலாம். இப்படிச் சமைத்த தட்டில் நார்ச்சத்து நீங்கலாக ஏறத்தாழ 15 கிராம் மாவுச்சத்தே இருக்கும்.

கோஸ் பிடிக்காதவர்கள் சுரைக்காயைத் தோல்சீவியால் நாடாவாகச் சீவியும் செய்வதுண்டு. சீவியதும் ஒரு துண்டை வாயிலிட்டுப் பாருங்கள். கசந்தால் முழுக் காயையும் குப்பையில் போட்டுவிடுங்கள். கசக்கும் சுரைக்காயில் உள்ள நச்சுப்பொருள் கடும் வாந்தியையும் இரத்தப்போக்கையும் உண்டாக்கவல்லது. சமைத்தால் அது போய்விடாது.

சோயா சாஸைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரு மேசைக்கரண்டியில், அதாவது 15 மில்லியில், ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம் உள்ளது. வளர்ந்தவர் ஒரு நாளில் 2,000 மில்லிகிராமுக்குக் குறைவாகவே கொள்ளவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. எனவேதான் ஒரு தேக்கரண்டியோடு நிறுத்தினேன்; அதற்கு மேல் உப்புச் சேர்க்கத் தேவையில்லை. சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்கள் கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பை நாடவேண்டாம். அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்க்கப்பட்டிருக்கும். அது அவர்களுக்கு உப்பைவிட ஆபத்தானது.

இனி மருந்துகள். மெட்பார்மின் மட்டும் உட்கொள்பவர்கள் இந்த உணவைத் தயக்கமின்றி உண்ணலாம். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரைகள் அல்லது இன்சுலின் எடுத்துக்கொள்பவர்களின் நிலை வேறு. வழக்கமான இரவு உணவின் மாவுச்சத்துக்கு ஏற்பவே அவர்களது மருந்தின் அளவு தீர்மானிக்கப்பட்டிருக்கிறது. அதே மருந்தை எடுத்துக்கொண்டு 75 கிராமுக்குப் பதில் 15 கிராம் மட்டும் உண்டால், சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கக்கூடும். உறக்கத்தில் அது நிகழ்ந்தால் நோயாளிக்கே தெரியாது. இரவு உணவுக்கு முன் 30/70 கலவை இன்சுலின் போட்டுக்கொள்ளும் முதியவர்கள் குறித்தே எனக்குக் கவலை அதிகம். இத்தகையோர் தாமாக மருந்தைக் குறைக்கவும் கூடாது, தாமாக மாவுச்சத்தை நீக்கவும் கூடாது. முதலில் மருத்துவரிடம் பேசுங்கள். அதுவரை, வழக்கமாக உண்ணும் நூடுல்ஸில் பாதியை வைத்துக்கொண்டு மறுபாதிக்குக் கோஸ் சேர்ப்பதுகூட மருத்துவரின் ஒப்புதலுடன் பகல் உணவில் தொடங்கட்டும். உணவுக்கு முன்னும் இரண்டு மணி நேரம் கழித்தும் அளந்து குறித்துக்கொண்டு வாருங்கள்.

டாபாகிளிப்ளோசின், எம்பாகிளிப்ளோசின் எடுத்துக்கொள்பவர்கள் நாள் முழுவதும் மாவுச்சத்தை ஏறக்குறைய முற்றிலும் விலக்கும் கடும் உணவுமுறைக்குப் போகவேண்டாம். இரத்தச் சர்க்கரை அதிகம் உயராத நிலையிலேயே கீட்டோன் அமிலம் பெருகி உயிருக்கு ஆபத்தாகலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு தோன்றினால் அளவுமானி காட்டும் எண்ணை நம்பி வீட்டில் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.

வார்பரின், அசினோகுமரால் போன்ற இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை உண்பவர்களுக்கும் ஒரு சொல். முட்டைக்கோஸிலும் வெங்காயத்தாளிலும் வைட்டமின் கே உள்ளது. திடீரென நாள்தோறும் உண்ணத் தொடங்கினால் மருந்தின் விளைவு குறையும். வாரந்தோறும் ஒரே அளவில் உண்பதும், அடுத்த இரத்தப் பரிசோதனையின்போது அதைத் தெரிவிப்பதும் போதும். தைராய்டு குறைபாட்டுக்கு மாத்திரை உண்பவர்கள் கோஸைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. சமைத்து அளவோடு உண்ணலாம்.

வீட்டார் கவனத்துக்கு: இரவில் திடீர் வியர்வை, நடுக்கம், குழறிய பேச்சு, காரணமற்ற எரிச்சல் ஆகியவற்றைக் கண்டால் உடனே சர்க்கரையை அளந்து பாருங்கள். 70-க்குக் கீழே இருந்து, அவர் விழுங்கும் நிலையில் இருந்தால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடங்களில் மீண்டும் அளவுங்கள். வோக்ளிபோஸ் அல்லது அகார்போஸ் உண்பவருக்கு வீட்டுச் சர்க்கரை விரைவில் பலன் தராது. அம்மருந்து அதன் செரிமானத்தைத் தடுத்துவைத்திருக்கும். அவர்களுக்குக் குளுக்கோஸ் தூளே கொடுக்கவேண்டும். மருந்துக் கடையில் ஒரு பொட்டலம் வாங்கி, இரவில் கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.