சேதனச் சூரியக் கலங்களும் பல்பகுதிய ஆக்கமும்

ஞாயிற்றின் ஒளியை நேரே மின்னாக மாற்றுங் கலங்கள் இன்று பெரும்பாலும் சிலிக்கனால் ஆக்கப்படுகின்றன. சிலிக்கனைத் தூய்மையாக்குதற்கு மிக்க வெப்பம் வேண்டும். சிறு மூலக்கூறுகள் பல சங்கிலிபோல் தொடுக்கப்பட்டு உண்டாகும் பல்பகுதியங்களோ, கரைசலாக்கப்பட்டு, மைபோல மெல்லிய தகட்டின்மீது அச்சிடத் தக்கவை. சில பல்பகுதியங்கள் மின்னைக் கடத்தும்படி ஆக்கப்படலாம் என்பதை 1977ஆம் ஆண்டிலே ஹீகர், மக்டயாமிட், ஷிரகாவா என்போர் காட்டினர். அதன்பொருட்டு 2000ஆம் ஆண்டில் இரசாயன நோபெல் பரிசும் பெற்றனர்.

சிலிக்கனில் ஒளி பட்டதும் இலத்திரன் எளிதிற் பிரிந்து ஓடும். பல்பகுதியத்திலோ இலத்திரனும் அது விட்டகன்ற துளையும் ஒன்றையொன்று பற்றி நிற்கும். இவ்விணை ஏறத்தாழ 10 நனோமீற்றர் தூரமே செல்லவல்லது. அதற்குள் பிரிக்கப்படாவிடின் பெற்ற சத்தி வீணாகும். ஆதலின் இலத்திரனை ஈயும் பல்பகுதியத்தோடு அதனை ஏற்கும் பிறிதொரு பொருளையும் நுண்ணிதாகக் கலந்து படலமாக்கும் முறையை 1995ஆம் ஆண்டில் ஹீகரும் உடனாய்வாளரும் விளக்கினர்.

ஈயும் பல்பகுதியத்தை அமைப்பதில் முரண்பாடுகள் பல உள. முதலாவது, ஒளியும் மின்னழுத்தமும் பற்றியது. பெரிதும் ஆராயப்பட்ட பொலி எக்சைல்தையோபீன் 650 நனோமீற்றர் வரையுள்ள ஒளியையே உட்கொள்ளும். அதற்கு அப்பாற்பட்ட செவ்வொளி வீணாகும். சங்கிலியில் ஈயும் அலகையும் ஏற்கும் அலகையும் மாறிமாறித் தொடுப்பின், கூடிய ஒளி உட்கொள்ளப்படும். ஆனால் சத்தி மட்டங்கள் தவறின் மின்னழுத்தங் குறையும். புளோரீன் அணுக்களைச் சேர்த்து அக்குறையை ஓரளவு தவிர்ப்பர். இரண்டாவது, பக்கச் சங்கிலிகள் பற்றியது. அவை இல்லையேல் பல்பகுதியங் கரையாது, மிகுந்தாலோ மூலக்கூறுகள் நெருங்கி அடுங்கா, மின்னோட்டந் தடைப்படும். மூன்றாவது, கலவை பற்றியது. இரு பொருள்களும் முற்றக் கலப்பின் பிரிந்த இலத்திரனுக்கு வழியில்லை. முற்றப் பிரியின் இணை எல்லையைச் சென்றடையாது.

ஏற்கும் பொருள் மாறியபோது பல்பகுதியத்தின் கடமையும் மாறிற்று. முன்னர், காபன் அணுக்கள் அறுபதாலாய பந்துவடிவ மூலக்கூறும் அதன் வழிப்பொருள்களும் ஏற்பனவாகப் பயன்பட்டன. அவை ஒளியை மிகக் குறைவாகவே உட்கொண்டமையால், பல்பகுதியமே ஒளி முழுவதையும் பற்ற வேண்டியதாயிற்று. 2019ஆம் ஆண்டிலே சீனத்தில் சோ யிங்பிங் குழுவினர் 'வை 6' என்னும் ஏற்கும் பொருளை வெளியிட்டனர். அது அகச்சிவப்பை அடுத்த ஒளியைத் தானே பற்றுதலின், எஞ்சிய ஒளியைப் பற்றும் 'பீஎம் 6' என்ற பல்பகுதியம் அதனோடு சேர்க்கப்பட்டது. அக்கலம் நூற்றுக்கு 15.7 பங்கு ஒளிச்சத்தியை மின்னாக்கிற்று. பின்னர் ஆய்வுகூடங்களில் நூற்றுக்கு 19க்கு மேலும் எட்டப்பட்டது.

எனினும் திறன் ஒன்றே போதுமானதன்று. சிலிக்கன் தகடுகள் இருபத்தைந்து ஆண்டுகள் வெயிலைத் தாங்கும். சேதனக் கலங்களோ ஒட்சிசன், ஈரம், ஒளி ஆகியவற்றால் விரைவில் நலிவுறும். உயர்திறன் தரும் பல்பகுதியங்கள் பல, பல படிகளில் தொகுக்கப்படுவனவாதலின் விலையும் மிக்கன. மலிவு கருதித் தொடங்கிய முயற்சி விலைமிக்க பொருளில் முடியுமாயின், அதனாற் பயன் சிறிதே. திறன், ஆயுள், ஆக்கும் எளிமை ஆகிய மூன்றும் ஒருங்கமைந்த பல்பகுதியமே இக்கலங்களை ஆய்வுகூடத்தினின்றும் வீட்டுக் கூரைக்குக் கொணரும்.