இயற்கை விளைபொருளும் ஊராட்சியின் கடமையும்

பௌர்ணமிதோறும் கிரிவலம் வரும் பெருந்திரளான மக்களுக்கு உணவளிக்கும் நகரம் திருவண்ணாமலை. அதைச் சூழ்ந்த சிற்றூர்களில் நெல்லும் மணிலாவும் முக்கியமான விளைச்சல்கள். பூச்சி மருந்தின்றிப் பயிரிட்டு, ‘இயற்கை விளைபொருள்’ என்று விற்க விரும்பும் உழவர் அப்பெயருக்குரிய சட்டத்தையும் அறிந்திருத்தல் அவசியம்.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2017-ஆம் ஆண்டில் இயற்றிய இயற்கை உணவு விதிகள் 2018 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தன. சாதாரண உணவில் பூச்சி மருந்தின் எச்சம் இவ்வளவுதான் இருக்கலாம் என ஓர் உச்ச அளவு உண்டு. இயற்கை உணவில் அதன் 5 சதவீதமே அனுமதிக்கப்படும். ஆய்வுக்கூடத்தில் அளந்தறியக்கூடிய குறைந்த அளவு இதைவிட மிகுதியாயின், அதுவே எல்லையாகும். உதாரணமாக, ஒரு மருந்துக்கு உச்ச அளவு கிலோவுக்கு 1 மில்லிகிராம் எனில், இயற்கை உணவில் 0.05 மில்லிகிராமே இருக்கலாம். பொய்ப்பெயரிட்டு விற்போருக்கு 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

இங்குதான் ஒரு சங்கடம் எழுகின்றது. தம் வயலில் ஒரு துளி மருந்தும் தெளிக்காதவருடைய விளைச்சலிலும் எச்சம் சேரக்கூடும். அண்டை வயலில் தெளித்தது காற்றோடு வரும். வாய்க்கால் நீரோடும் வரும். இரவல் வாங்கிய தெளிப்பானிலும், பழைய சாக்கிலும் ஒட்டியிருக்கும். பல பருவங்கள் பாடுபட்டவரின் உழைப்பு இதனால் வீணாகலாம்.

சான்று பெறும் வழிகள் இரண்டு. தமிழகத்தில் விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறையை அணுகலாம். அல்லது, குறைந்தது 5 உழவர் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் நிலத்தை மற்றவர் பார்வையிடும் பங்கேற்பு உத்தரவாத முறையில் சேரலாம். பொதுவாக நெல் போன்ற பயிர்களுக்கு 2 ஆண்டும், மா, தென்னை போன்றவற்றிற்கு 3 ஆண்டும் மாறுதல் காலமாகும். நுகர்வோருக்கு நேரடியாக விற்கும் சிறு உழவருக்குச் சான்றிலிருந்து விலக்கு உண்டெனினும், அவர் ‘ஜைவிக் பாரத்’ முத்திரையைப் பயன்படுத்த இயலாது.

ஊராட்சி மன்றத்தார் செய்யத்தக்க பணிகளும் உள. இயற்கை வயல்கள் எவையென அனைவரும் அறியச் செய்யலாம். காற்று வீசும் வேளையில் அவற்றின் அருகே மருந்து தெளிப்பதில்லை எனக் கிராம சபையில் ஒருமனதாக முடிவு செய்யலாம். வரப்போரம் அகத்தி, சோளம் முதலியவற்றை நெருக்கமாக வளர்த்துத் தடுப்பு அமைக்க உழவரை ஊக்குவிக்கலாம்.

சட்டம் விளைபொருளைச் சோதிக்கும். அண்டை அயலாரின் ஒத்துழைப்பே அச்சோதனையில் அதனைத் தேறச் செய்யும். அடுத்த விதைப்புக்கு முன்னரே இது குறித்துக் கூடிப் பேசுவோமாக.