பள்ளிக்கு அப்பால் கற்றல்: பிரிஞ்சாங் மலைத்தோட்டமும் வீட்டு இணையமும்

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில், பிரிஞ்சாங் நகருக்கு மேலே சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டம் மலைமடிப்புகளுக்கிடையே விரிந்துள்ளது. அருகிலுள்ள குனோங் பிரிஞ்சாங் சிகரத்தின் உயரம் 2,031 மீட்டர். சுற்றுலாப் பயணியர் வியந்து நோக்கும் அம்மடிப்புகளே கைப்பேசி அலைகளை மறிக்கும் சுவர்களுமாகும். கோபுரத்திற்கும் வீட்டிற்கும் இடையே ஒரு முகடு நின்றால், வாசலில் கிடைக்கும் இணைப்பு அடுக்களையில் கிடைக்காது. வீட்டு இணையத்தின்வழிப் பள்ளிக் கல்வியை நீட்டிப்பது எங்ஙனம் என்னும் வினாவை இத்தகைய இடத்தை மனத்திற்கொண்டே அணுகுதல் தகும்.

மலேசியாவில் இவ்வினா புதியதன்று. 1996இல் தொடங்கப்பெற்ற பல்லூடகப் பெருவழித் திட்டத்தின் அங்கமாக விவேகப் பள்ளி முன்னோடித் திட்டம் 1999 முதல் 2002 வரை நடைபெற்றது. அதற்கென மலாய், ஆங்கிலம், கணிதம், அறிவியல் ஆகிய நான்கு பாடங்களுக்குக் கற்பித்தல் மென்பொருள்கள் உருவாக்கப்பட்டன. தமிழ் அவற்றுள் இடம்பெறவில்லை. அக்காலத்தில் தமிழுக்கு வாய்த்தவை வேறிடங்களில் எழுந்தன. 1998இல் மதுரைத் திட்டம் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்டது. 2001இல் சென்னையில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் உருப்பெற்றது. அதுவே இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம். அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் கூடியது. ஆயினும் கணினியும் தொலைபேசி இணைப்பும் ஒருங்கே வாய்த்த வீடுகளையே இவற்றின் பயன் எட்டியது.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தபின், வீட்டு இணையம் பள்ளியின் துணை என்னும் நிலை மாறிப் பள்ளியாகவே ஆயிற்று. அவ்வாண்டு சபாவில் பல்கலைக்கழக மாணவி ஒருவர் தேர்வெழுத மரத்தில் ஏறி அலைவரிசை தேடிய செய்தி பலரும் அறிந்ததே. தோட்டப்புறத்தில் இடர் இன்னும் எளியது: ஒரு வீட்டில் ஒரே கைப்பேசி, அதுவும் தந்தையுடன் காலையில் வேலைக்குச் சென்று மாலையில் திரும்புவது. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் காலை ஒன்பது மணி நேரலை வகுப்பு யாருக்கு உரியது?

இங்குத் தரவின் அளவைக் கருதுதல் வேண்டும். யூனிகோடு முறையில் (யுடிஎஃப்-8) ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட்டுகள் கொள்ளும். 'கி' போன்ற உயிர்மெய்க்கு மெய்யுருவும் உயிர்க்குறியுமாக ஆறு. இவ்வாறாயினும், இரண்டாயிரம் குறியீடுகள் கொண்ட ஒரு பாடப்பகுதி ஏறத்தாழ ஆறு கிலோபைட்டு மட்டுமே. இரண்டு நிமிடக் குரற்பதிவு சுமார் கால் மெகாபைட்டில் அடங்கும். ஒரு மணி நேரக் காணொலி வகுப்போ நூற்றுக்கணக்கான மெகாபைட்டுகளை விழுங்குவது. நாமோ பயிற்சிநூற் பக்கங்களைப் படம்பிடித்துப் புலனத்தில் அனுப்பிப் பழகிவிட்டோம். (நம் தட்டச்சுச் சோம்பலுக்கு மாணவன் வீட்டார் கட்டணம் செலுத்துகின்றனர்.)

ஆகவே தோட்டப்புற மாணவருக்குரிய இணையவழிப் பணி மாலையில் சென்றடைவதாகவும், நேரலையைச் சாராததாகவும், எழுத்தும் குரலுமாகவும் அமைதல் நன்று. பிற பாடங்களில் உதவ இயலாத பெற்றோர் பலர், தாம் தமிழ்ப்பள்ளியில் பயின்றவர் என்பதால், தமிழ்ப்பாடத்தில் உதவ வல்லவர். குறிப்புகளைத் தமிழிலேயே எழுதினால் அவர்கள் துணையாசிரியராவர். கொழுந்து கிள்ளிய காலத்து வேலைச் சொற்களைப் பாட்டியிடம் கேட்டுப் பதிவுசெய்து வருமாறு ஐந்தாம் ஆண்டு மாணவனைப் பணித்தால், எந்தப் பாடநூலும் தராத சொல்வளம் வகுப்பறைக்கு வரும். தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் குறைந்துவரும் இந்நாளில் இப்பணிக்கு அவசரமும் உண்டு.

இதற்கு ஆகும் செலவையும் மறைத்தலாகாது. இரண்டு நிமிடப் பதிவைக் கேட்டு ஒரு நிமிட மறுமொழி அனுப்புவதெனில், பதினைந்து மாணவருக்கு முக்கால் மணி நேரம் வேண்டும். அந்த முக்கால் மணியை ஆசிரியர் தம் வீட்டு நேரத்திலிருந்தே எடுக்க நேர்கிறது.